நான்காம் படிவத்தில் கைவிடும் கணிதமும் வெளிநாட்டுப் பொருளாதாரப் படிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் மலேசியாவில் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மின் முடிவு வந்ததும் நம் பிள்ளைகளின் மேற்படிப்பு பற்றிய பேச்சு சூடு பிடிக்கிறது. மருத்துவம், பொறியியல், சட்டம் என்ற மூன்றைத் தாண்டி அந்தப் பேச்சு அதிகம் போவதில்லை. வெளிநாட்டுக்குப் போய்ப் பொருளாதாரம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள், ஏன் விழுகிறார்கள் என்பதைத் தங்கள் நாளிதழ் வழி பெற்றோருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பணம் பெரிய தடைதான். ஆனால் பணத்தைப் பற்றி யோசிக்கும் வயது வருவதற்கு முன்பே, பதினாறு வயதில், வேறொரு கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல், கலை என்ற பழைய பிரிவுகள் கிடையாது. பள்ளி கொடுக்கும் பாடத் தொகுப்புகளில் ஒன்றை மாணவர் தேர்ந்தெடுக்கிறார். பொருளாதாரத்தில் ஆர்வமுள்ள பிள்ளை பொருளாதாரம், வணிகம், கணக்கியல் உள்ள தொகுப்பை எடுப்பது இயல்பு. அந்தத் தொகுப்பில் பல நேரம் கூடுதல் கணிதம், அதாவது பள்ளிப் பேச்சில் ‘ஏட் மேக்ஸ்’, இருப்பதில்லை. “பிள்ளைக்குச் சுமை குறைந்தது” என்று வீட்டில் நிம்மதி அடைகிறார்கள். வெளிநாட்டுப் பொருளாதாரத் துறைகள் முதலில் பார்ப்பது அந்தக் கணிதத்தைத்தான். எஸ்பிஎம் பொருளாதாரப் பாடத்தில் ஏ பிளஸ் வாங்கினாலும் அது இதற்கு ஈடாகாது.

காரணம் படிப்பின் உள்ளேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பொருளாதாரம் நாட்டு நடப்பு பற்றிய விவாத வகுப்பாக இருக்காது. கையில் உள்ள வருமானத்துக்குள் ஒரு குடும்பம் அரிசியையும் மீனையும் எந்த அளவில் வாங்கினால் மனநிறைவு உச்சத்தைத் தொடும் என்பதை, வகை நுண்கணிதம் போட்டு, லக்ராஞ்ச் முறையில் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். செம்பனை எண்ணெய் விலை ஒரு விழுக்காடு ஏறினால் வாங்கும் அளவு எத்தனை விழுக்காடு குறையும் என்ற நெகிழ்ச்சிக் கணக்கும் வகையீடுதான். கூடவே நிகழ்தகவும் புள்ளியியலும் வரும். இரண்டாம் ஆண்டில் எகனாமெட்ரிக்ஸ் என்ற பொருளியல் அளவையியல் தொடங்கும். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் தரவை ஸ்டாட்டா அல்லது ஆர் மென்பொருளில் போட்டு, படிப்பு ஓர் ஆண்டு கூடினால் சம்பளம் எவ்வளவு கூடுகிறது என்று பிரித்தறிய வேண்டும். இங்கே அணிகள் (மேட்ரிக்ஸ்) தெரியாதவர் பாடத்தைப் புரிந்துகொள்வதை விட்டு மனப்பாடத்தில் இறங்குகிறார். தேர்வில் கேள்வி மாறியதும் தடுமாறுகிறார். பட்டப் படிப்பின் நடுவில் வேறு துறைக்கு மாறுவதும் அதனால்தான். மாறினால் விசா, உபகாரச் சம்பள ஒப்பந்தம் இரண்டும் சிக்கலாகும்.

ஆறாம் படிவத்திலும் இதே தவறு இன்னொரு முறை நடக்கிறது. ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம்மில் கணிதம் இரண்டு வகை: எம், டி. எம் வகை வணிக, கலை மாணவருக்கானது. நிதிக் கணக்கும் நேரியல் திட்டமிடலும் அதில் உண்டு, நுண்கணிதம் மெலிந்திருக்கும். டி வகையில் இயற்கணிதம், நுண்கணிதம், புள்ளியியல் மூன்றும் ஆழமாக வரும். பொருளாதாரம் படிக்க வெளியே போகிறவருக்கு டி வகைதான் தேவை. பொருளாதாரப் பாடத்தோடு டி வகைக் கணிதத்தையும் சேர்த்துக் கொடுக்கும் ஆறாம் படிவ மையம் எது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே நேரில் போய்க் கேளுங்கள். சில மையங்களில் டி வகை அறிவியல் மாணவருக்கு மட்டும் என்று கால அட்டவணை அமைத்திருப்பார்கள். நம்மூரில் கிடைக்காவிட்டால் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் இருக்கலாம். பேருந்துச் செலவும் களைப்பும் கூடும், உண்மைதான். ஆனாலும் இந்த ஒன்றரை ஆண்டு அலைச்சல் வீண் போகாது. மெட்ரிகுலேஷன் என்ற அரசு முன்தயாரிப்புப் படிப்பு நல்ல வழி என்றாலும் அது உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களை நோக்கியது. வெளிநாட்டில் அதை நேரடி நுழைவுக்கு ஏற்கும் இடங்கள் குறைவு. எஸ்டிபிஎம், பிரிட்டிஷ் பள்ளி இறுதித் தேர்வான ஏ-லெவல் இரண்டும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சிங்கப்பூரிலும் நன்கு அறியப்பட்டவை.

பிரிட்டனின் முன்வரிசைத் துறைகள் எவ்வளவு கேட்கின்றன என்பதற்கு ஓர் அளவு: எல்எஸ்இ என்ற லண்டன் பொருளியல் பள்ளி, பொருளாதாரப் பிஎஸ்சி பட்டத்துக்கு ஏ-லெவலில் ஒரு ஏ நட்சத்திரமும் இரண்டு ஏயும் கேட்கிறது, அந்த நட்சத்திரம் கணிதத்தில் இருக்க வேண்டும். கேம்பிரிட்ஜும் எல்எஸ்இயும் அதற்கு மேல் டிஎம்யூஏ என்ற கணித நுழைவுத் தேர்வையும் வைக்கின்றன. இரண்டு தாள்கள், ஒவ்வொன்றிலும் 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 75 நிமிடம். கணிப்பான் கிடையாது. மதிப்பெண் 1.0 முதல் 9.0 வரை. டி வகைக் கணிதம் படித்தவருக்கு முதல் தாள் அந்நியமாக இருக்காது. இரண்டாம் தாளில் ஒரு நிறுவலில் எந்த வரியில் பிழை, ஒரு கூற்று உண்மையாக எந்த நிபந்தனை போதும் என்று தர்க்கம் கேட்பார்கள். நம் பாடத்திட்டத்தில் இதற்குப் பயிற்சி குறைவு. பழைய தாள்கள் இணையத்தில் இலவசம். கேள்விக்கு மூன்றே முக்கால் நிமிடம் என்று கடிகாரம் வைத்து, குறைந்தது மூன்று மாதம் போட்டுப் பழக வேண்டும். கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர்த் தேர்வையே எழுத வேண்டும். பதிவு அதற்கு முன்பே மூடிவிடும்.

பட்டத்தின் பெயரை நம்பி ஏமாற வேண்டாம். பிஏ என்றால் கணிதம் குறைவு, பிஎஸ்சி என்றால் அதிகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கேம்பிரிட்ஜ் கொடுப்பது பிஏ, கணிதமோ மிகக் கடுமை. ‘வணிகமும் பொருளாதாரமும்’ என்று வரும் பட்டங்கள் சிலவற்றில் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. பின்னாளில் பொருளாதார முதுகலைக்குப் போக நினைத்தால் அது போதாது. துறையின் இணையப் பக்கத்தில் ஆண்டுவாரிப் பாடப் பட்டியலைத் திறந்து பாருங்கள். இடைநிலை நுண்பொருளியல், இடைநிலைப் பேரினப் பொருளியல், எகனாமெட்ரிக்ஸ் மூன்றும் கட்டாயப் பாடமாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பொருளாதாரப் பட்டம். ஏஜெண்டுகள் சொல்லும் பட்டியலையும் இப்படியே சரிபார்க்க வேண்டும். மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகம் அவர்களுக்குத் தரகு தருகிறது. தரகு தராத இடங்களின் பெயர் அவர்கள் வாயில் வருவது அரிது.

அமெரிக்காவில் பட்டம் நான்கு ஆண்டு. அங்கே ஒரு நுட்பம் உண்டு. வெளிநாட்டு மாணவருக்குத் தரும் ஐ-20 படிவத்தில் துறைக்கான குறியீட்டு எண் அச்சாகியிருக்கும். 45.0601 என்றால் பொதுப் பொருளாதாரம்; படித்து முடித்தபின் வேலை அனுபவத்துக்கு 12 மாதம். 45.0603 என்றால் அளவைப் பொருளாதாரம், அறிவியல் தொழில்நுட்பப் பிரிவில் சேரும். இப்போதைய விதிப்படி மேலும் 24 மாதம் கேட்கலாம். ஒரே துறை இரண்டு குறியீட்டிலும் பட்டம் தரலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்ற சில இடங்கள் வெளிநாட்டவரையும் குடும்ப வருமானம் பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவைப்படும் முழு உதவியையும் தருகின்றன. இடம் கிடைப்பது மிக மிகக் கடினம். கிடைத்துவிட்டால் பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளைக்கு அது லண்டனைவிட மலிவு. இந்தக் கணக்கு பலருக்குத் தெரியாததால் விண்ணப்பமே போடுவதில்லை.

இனி பணம். அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன் உள்நாட்டுக் கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே, வெளிநாட்டுக்குக் கிடைக்காது. ஊழியர் சேமநிதியில் பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம், வெளிநாட்டுப் படிப்புக்கும் சரி. ஆனால் 2024 மே மாதச் சீரமைப்புக்குப் பிறகு அது சேமநிதியின் உட்கணக்கான செஜாதெராவிலிருந்து மட்டும். சந்தாவில் 15 விழுக்காடுதான் அங்கே சேர்கிறது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டுக்குத் தொழிலாளி பங்கு 11, முதலாளி பங்கு 13 விழுக்காடு. மாதம் 408 ரிங்கிட். அதில் 15 விழுக்காடு 61 ரிங்கிட் 20 சென். இருபது ஆண்டு சேர்ந்தாலும் ஈவுத்தொகை நீங்கலாக 14,688 ரிங்கிட்.

இதற்குப் பக்கத்தில் பிரிட்டன் விசாவின் ஒரே ஒரு செலவை வைத்துப் பாருங்கள். மாணவர் சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. மூன்றாண்டுப் பட்டத்துக்குப் படிப்பின் முன்னும் பின்னும் சேரும் மாதங்களையும் கூட்டி வழக்கமாக மூன்றரை ஆண்டுக்கு வாங்குவார்கள்: 2,716 பவுண்டு. விசாவுக்கு விண்ணப்பிக்கும் அன்றே மொத்தமாகக் கட்ட வேண்டும். பவுண்டு 5 ரிங்கிட் 60 சென் என்று வைத்தால் 15,210 ரிங்கிட். இருபதாண்டுச் சேமிப்பும் இந்த ஒன்றுக்கே காணாது. கல்விக் கட்டணம் இன்னும் தொடங்கவில்லை.

நாணய மாற்று விகிதத்தை ஒரே எண்ணாக வைத்துப் பட்ஜெட் போடுவது அடுத்த பிழை. ஆண்டுச் செலவு 25,000 பவுண்டு என்றால், பவுண்டு 50 சென் ஏறினாலே 12,500 ரிங்கிட் கூடும். குறைந்தபட்சச் சம்பளத்தில் ஏழு மாதத்துக்கும் மேல். 1997 நடுவில் ஒரு டாலர் சுமார் 2 ரிங்கிட் 50 சென்னாக இருந்தது. 1998 ஜனவரியில் 4 ரிங்கிட் 88 சென் வரை போனது. பொருளாதாரம் படிக்கப் போகும் பிள்ளை தன் குடும்பக் கணக்கிலேயே முதலில் இதைப் போட்டுப் பார்க்கட்டும்: இன்றைய விகிதம் ஒன்று, பத்து விழுக்காடு மோசமானது ஒன்று, இருபது விழுக்காடு மோசமானது ஒன்று. மூன்றாவது வரியிலும் சமாளிக்க முடிந்தால் புறப்படலாம். கட்டணம் மூன்று ஆண்டும் நிலையானதா, ஆண்டுக்காண்டு ஏறுவதா என்று சேர்க்கைக் கடிதத்தில் தேடுங்கள். இரண்டு வகையும் உண்டு. பிரிட்டன் விசா விதி 9 மாதச் செலவைத்தான் கேட்கிறது: 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, லண்டனில் 1,529. வாடகை ஒப்பந்தமோ இரண்டாம் ஆண்டிலிருந்து பெரும்பாலும் 11 அல்லது 12 மாதம். வீட்டுக்காரர் பிரிட்டனில் வசிக்கும் பிணையாளரையும் கேட்கலாம். பகுதிநேர வேலை பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அந்த வருமானத்தைப் பட்ஜெட்டில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூடக் குறையாமல். அந்தக் கணக்கு மாணவர் பெயரிலோ பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயரிலோ இருக்க வேண்டும். மாமா, சித்தப்பா கணக்கு செல்லாது. பெற்றோர் கணக்கென்றால் பிறப்புப் பத்திரமும் சம்மதக் கடிதமும் வேண்டும். மலேசியர்கள் இந்த ஆவணங்களை விண்ணப்பத்தோடு இணைக்கத் தேவையில்லை என்ற சலுகை உண்டு. அதை நம்பிப் பணமே இல்லாமல் விண்ணப்பிப்பவர்கள், அதிகாரி கேட்டதும் மாட்டிக்கொள்கிறார்கள். சீட்டு எடுத்தும் நகையை அடகு வைத்தும் சொந்தத்தில் வாங்கியும் கடைசி வாரத்தில் பணம் புரட்டும் குடும்பங்களுக்கு இந்த 28 நாள்தான் எமன். ஜூலை மாதத்துக்குள் பணம் ஒரே கணக்குக்கு வந்துவிடட்டும்.

உபகாரச் சம்பளத்துக்குப் பொதுச் சேவைத் துறையான ஜேபிஏ, மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கிஜாங் திட்டம், யாயாசான் கசானா அறக்கட்டளை ஆகியவற்றைப் பாருங்கள். பேங்க் நெகாரா பொருளாதாரத்தைத் தன் துறையாகவே நடத்தும் இடம். இவை எல்லாம் ஒப்பந்தத்தோடு வருபவை. எத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும், தேறாவிட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், எத்தனை பிணையாளர், அவர்களுக்கு என்ன வருமானம் என்று கையெழுத்துக்கு முன் வரி வரியாகப் படியுங்கள். தோட்டப்புறக் குடும்பம் பிணையாளருக்கு அலைவது பெரும்பாடு; விண்ணப்பிக்கும்போதே இரண்டு பேரிடம் பேசி வைக்க வேண்டும். ஒப்பந்த வேலை செய்யும் பெற்றோரிடம் முதலாளி தரும் ஆண்டு வருமானச் சான்றான இஏ படிவமோ சம்பளச் சீட்டோ இருக்காது. அப்போது சத்தியப்பிரமாண ஆணையர் முன்னிலையில் வருமான உறுதிமொழி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் “ஏழைகளுக்கு உதவப் பொருளாதாரம் படிக்கிறேன்” என்று எல்லோரும் சொல்வார்கள். 2025 ஜூலையில் பேங்க் நெகாரா ஓபிஆர் என்ற தன் அடிப்படை வட்டி விகிதத்தை 3.00இலிருந்து 2.75 விழுக்காட்டுக்குக் குறைத்தபோது வீட்டுக் கடன் தவணைக்கு என்ன ஆனது, சேமிப்பவருக்கு என்ன ஆனது என்று விளக்கத் தெரிந்த பிள்ளை தனித்து நிற்கும்.

பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யூகாஸில் ஐந்து இடம் தேர்ந்தெடுக்கலாம். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு இருந்தால் அக்டோபர் நடுவிலும், மற்றவை ஜனவரியிலும் முடியும். 2026 சேர்க்கையிலிருந்து தன்விளக்கக் கட்டுரை மூன்று கேள்விகளாகிவிட்டது: ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப் படிப்பு எப்படித் தயார் செய்தது, வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துக்குறி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. நகரத்துப் பிள்ளைகள் வங்கியில் பயிற்சிக்குப் போனதை எழுதுவார்கள். நம் பிள்ளைகள் எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று கூசுகிறார்கள். அவர்கள் வளர்ந்த இடமே பொருளாதாரப் பாடப் புத்தகம். சுற்றுவட்டாரத்தில் வேலை கொடுப்பவர் ஒருவரே என்ற சந்தையை மொனாப்சனி என்பார்கள். லயத்து வீடும் கடையும் வேலையும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்த தோட்டத்தைவிட அதற்கு என்ன எடுத்துக்காட்டு வேண்டும்? அத்தகைய சந்தையில் குறைந்தபட்சச் சம்பளம் ஏறினால் வேலை குறையுமா, கூடுமா? 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய அது 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. இடையில் வெளிநாட்டுத் தொழிலாளர் வந்ததையும் ரப்பர் போய்ச் செம்பனை வந்ததையும் சேர்த்து யோசித்தால் நல்ல பத்தி கிடைக்கும். பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட துண்டாடல் காலத்தில், 1960இல், நம்மூர்க்காரர் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டத்தையே வாங்கிய அந்த முயற்சி, மூலதனம் இல்லாதவர்கள் எப்படி மூலதனம் திரட்டுவது என்ற கேள்விக்கான ஒரு விடை. அந்தச் சங்கம் உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் தருகிறது. தாத்தா பாட்டியின் பங்குப் பத்திரம் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

சின்ன விஷயம் போலத் தெரியும் ஒன்று நம் பிள்ளைகளை அதிகம் படுத்துகிறது: பெயர். அடையாள அட்டையில் ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) என்று சாய்கோட்டோடு இருக்கும். இணையப் படிவங்கள் பல சாய்கோட்டை ஏற்காது. குடும்பப் பெயர் என்ன என்றும் கேட்கும். ஒரு படிவத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிறது, இன்னொன்றில் ‘ஏஎல்’ நடுப்பெயராகிறது, விமானச் சீட்டில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. யூகாஸ், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி எண்ணான சிஏஎஸ், வங்கி, விசா எல்லாவற்றிலும் ஒரே எழுத்து வரிசை இருக்க வேண்டும். கடவுச்சீட்டை முதலில் எடுத்து, அதில் உள்ளதை ஒரு தாளில் எழுதி, எல்லாப் படிவத்துக்கும் அதையே பாருங்கள். ஐஇஎல்டிஎஸ் முடிவு இரண்டு ஆண்டுதான் செல்லும். ஐந்தாம் படிவம் முடித்த கையோடு எழுதினால், எஸ்டிபிஎம் முடிந்து சேரும்போது காலாவதியாகிவிடும்.

இவ்வளவு செலவு முடியாதவருக்கும் வழி உண்டு. சிங்கப்பூரின் என்யூஎஸ், என்டியூ பல்கலைக்கழகங்களில் அரசாங்கக் கட்டண மானியம் கேட்கலாம். பதிலுக்குப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் மாதந்தோறும் கொஞ்சமாகவே எடுக்க விடும் முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். இளங்கலைப் பொருளாதாரம் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். ஆஸ்திரேலியா பக்கத்தில் இருக்கிறது என்று நினைப்பவர்கள், அங்கே விசாக் கட்டணம் மட்டும் 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர் என்பதையும், நிராகரித்தால் அது திரும்ப வராது என்பதையும் கணக்கில் கொள்ளட்டும். உள்நாட்டில் பட்டம் முடித்து, ஓராண்டு முதுகலைக்கு மட்டும் வெளியே போவது எங்கள் கணிப்பில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்தும் வழி. மூன்றாண்டுச் செலவு ஓராண்டாகச் சுருங்கும். அதற்கும் இளங்கலையில் எகனாமெட்ரிக்ஸ் வேண்டும், அதற்குக் கணிதம் வேண்டும்.

எனவே மூன்றாம் படிவப் பிள்ளை உள்ள பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டிறுதியில் பாடத் தொகுப்புப் படிவம் வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போடும் முன், பொருளாதாரத்தோடு கூடுதல் கணிதமும் உள்ள தொகுப்பு எது என்று பள்ளியில் கேளுங்கள். இல்லை என்றால், அதே விருப்பமுள்ள மற்றப் பெற்றோரையும் சேர்த்து, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் கேளுங்கள். போதிய மாணவர் இல்லை என்பதுதான் வழக்கமான பதில். பட்டியல் கையில் இருந்தால் அந்தப் பதிலைச் சொல்வது கடினம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் எஸ்பிஎம் முடிவு நாளில் வரும் வழிகாட்டிக் கட்டுரைகளைப் போலவே, அந்தப் படிவம் வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பாடத் தேர்வு பற்றி ஒரு பக்கம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆறாம் படிவப் பொருளாதார, கணித ஆசிரியர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.